பாப்பா சொல்லி அனுப்பிய செய்தி

“கல்லுக்குள்ள போன விஷம் தூங்குமா மாமா, இல்ல செத்துப்போயிடுமா?”

உங்கள் மகள் என்னிடம் ஒருமுறை கேட்ட கேள்வி இது, மாப்பிள்ளை. அவளுக்கு முன்பல் விழுந்திருந்த சமயம். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் குட்டைச் சுவரில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள். நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் கழிவு நிலையத்தைப் பார்வையிட வரும் பெரிய மனிதர்கள் ஒருவர்கூட இவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை.

“தூங்கும் பாப்பா” என்றேன்.

“யாராவது எழுப்பிட்டா?”

“எழுப்ப முடியாத மாதிரி கட்டி வெக்கிறதுதான் மாமாவோட வேலை.”

“அப்ப நீங்க விஷத்துக்குத் தாலாட்டுப் பாடறவரு” என்றாள். நீங்கள் உள்ளே இருந்து சிரித்தது எனக்குக் கேட்டது.

இன்று உங்கள் பழைய பேட்டரிக் கடை வாசலுக்கு வந்திருப்பதும் அவளுக்காகத்தான். உங்களிடம் ஒரு செய்தி சொல்வதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டே சொல். அதை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் முன்கதை தெரியாமல் கேட்டால் உங்களுக்கு விளங்காது. அரைகுறையாக எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை. இங்கே கவிழ்ந்து கிடக்கும் காலிப் பேட்டரிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் குறுக்கே பேசாமல் இருந்தால் வரிசையாகச் சொல்லிவிட முடியும்.

என் வேலையை நீங்கள் கேலி செய்யாத நாளில்லை. “மச்சான், விஷத்துக்கெல்லாம் கல்லு வீடு கட்டிக் குடுக்கறீங்க. எனக்கு ஒரு ஓட்டு வீடாவது கட்டிக் குடுங்களேன்” என்பீர்கள். உங்கள் மனைவி என்னை அண்ணே என்று கூப்பிட்டு எனக்குத் தங்கச்சி ஆனதால், நான் உங்களுக்கு மச்சான் ஆனேன், பாப்பாவுக்கு மாமா ஆனேன். என் மனைவி போன பிறகு என்னை உறவு சொல்லி அழைத்தவர்கள் நீங்கள் மூன்று பேர்தான். அது எனக்கு எவ்வளவு பெரிது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

பேட்டரித் தொழிற்சாலைகளில் மிஞ்சும் ஈயச் சகதி எங்களிடம் லாரியில் வரும். சாம்பல் நிறம், கூழைவிடக் கொஞ்சம் கெட்டி. அதை மிக்சரில் கொட்டி, சிமெண்டும் சாம்பலும் சேர்ப்போம். அதோடு ஒரு வெள்ளைத் தூளும் போடுவோம். சிமெண்டு சகதியைக் கல்லாக்கும். தூள் ஈயத்தைப் பிடித்துக் கட்டிப்போடும். பார்க்கிறவர்கள் இரண்டும் ஒரே வேலை என்றுதான் நினைப்பார்கள். கெட்டியாவது வேறு, கட்டுப்படுவது வேறு. தூள் குறைந்தாலும் கல் கல்லாகத்தான் வரும். உள்ளே இருப்பது மட்டும் கட்டவிழ்ந்து காத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே கல்லின் தோற்றத்தை நாங்கள் நம்புவதில்லை. அச்சில் வார்த்து, ஈரச் சாக்கு போர்த்தி இறுக விட்ட பிறகு, ஒரு கல்லை உடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். அங்கே அதை நொறுக்கி, வினிகரைப் போலப் புளித்த தண்ணீரில் போட்டு, புட்டியோடு ஒரு நாள் சுழற்றுவார்கள். குப்பை அழுகி மண்ணுக்கடியில் ஊறும் நீர் புளிப்பானது. அதைக் கல் தாங்குமா என்பதுதான் கேள்வி. ஈயத்தைக் கக்காவிட்டால் கல் புதைகுழிக்குப் போகலாம். கக்கினால் மறுபடி உடைத்து மிக்சருக்குத்தான். முடிவு வரும்வரை ஒரு கல்லும் நிலையத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. அந்த விதியைப் பலகையில் எழுதி மாட்டியவன் நான்.

அந்த வருடம் வெள்ளைத் தூள் சரியாக வரவில்லை. லாரிகள் வாசலில் நின்றுகொண்டே இருந்தன. நான் தூளைப் பாதியாகக் குறைத்து, சிமெண்டைக் கூட்டி ஒரு கலவை போட்டுப் பார்த்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை, என் யோசனைதான். கல் மிக அழகாக வந்தது. தட்டினால் கணீரென்றது. மிக்சர் ஓட்டுகிறவர் ஒரு கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, “சாமி, இதைப் போய் மண்ணுக்குள்ள பொதைக்கணுமா? மாளிகை கட்டலாம் போல இருக்கே” என்றார். அவர்கள் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிடும் முன் கண்ணை மூடிக்கொள்கிறவன் என்பதால்.

தங்கச்சியின் அமுக்குக் கல் இரண்டாகப் பிளந்ததும் அந்த வாரத்தில்தான். காய்களை நறுக்கி, உப்பும் வினிகரும் கலந்த நீரில் பீப்பாயில் ஊறப்போட்டு, ஜாடிகளில் அடைத்துக் கடைகளுக்குப் போடுவது அவள் தொழில். காய் மேலே மிதந்தால் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் கல்லை வைத்து அமுக்குவாள். சுவரோரம் வந்து நின்று என்னிடம் கேட்டாள்.

“அண்ணே, உங்க வேலை எடத்துல ஒரு கல்லு கெடைக்குமா? கனமா இருந்தா போதும். இவரைக் கேட்டா, கொண்டுவர்ற கல்லு ஒண்ணு கையில உதிருது, இல்ல பீப்பாயையே ஒடச்சிடும் போல இருக்கு.”

நீங்கள் பின்னாலிருந்து, “எதுக்கு மச்சான் கல்லு? இவ தலைய வெச்சு அமுக்கினா பத்தாதா, அவ்வளவு கனம்” என்றீர்கள். அவள் கரண்டியை ஓங்கினாள். பாப்பா குதித்துக் குதித்துச் சிரித்தாள். அந்த வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு அப்போது இருந்த ஆசையை எப்படிச் சொல்வது?

சோதனைக்கென்று வார்க்கும் சின்ன அச்சுக்கல் ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தேன். முடிவு இன்னும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். நல்ல முடிவாகத்தான் வரும் என்று நம்பினேன். நம்பிக்கையை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

பாப்பா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் காற்றுக்குமிழ் விட்ட மூன்று ஓட்டைகள் இருந்தன. மேலே இரண்டு, கீழே கோணலாக ஒன்று. “இதுக்கு மூஞ்சி இருக்கு” என்றாள். அந்த இடத்திலேயே அதற்குக் குண்டன் என்று பெயர் வைத்தாள். தங்கச்சி குண்டனைக் கழுவிப் பீப்பாய்க்குள் இறக்கினாள். நன்றாக அமுங்கியது. நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பிறகு ஒரு நாள் ஆய்வுக்கூடத்துப் பெண் மிக்சர் பக்கம் வந்தார்.

“சாமி, உங்க மாளிகைக் கல்லு எல்லாத்தையும் கக்கிடுச்சு.”

“மறுபடி ஒருதரம் பாருங்களேன்.”

“பாத்துட்டுதான் வர்றேன். ரெண்டாவது தடவை இன்னும் மோசம். பாக்கத்தான் லட்சணம், உள்ள ஒண்ணுமே கட்டல. எல்லாத்தையும் ஒடைக்கச் சொல்லிடுங்க. எல்லாக் கல்லும் இருக்கில்ல?”

“எல்லாம் இருக்கு” என்றேன்.

அன்று சாயங்காலமே கல்லைத் திரும்ப வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் அன்று பிரார்த்தனைக் கூடத்தில் எல்லாரும் சேரும் நாள். தங்கச்சி கல் விஷயத்தைக் கூடத்தை நடத்துபவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவர் எழுந்து நின்று, “பக்கத்து வீட்டுக்கு ஒரு கல்லு. அவ்வளவுதான். கேட்டாங்க, குடுத்தாரு. யார்கிட்டயும் சொல்லிக்கல. நன்மை செஞ்சா இப்படித்தான் செய்யணும், நாலு பேருக்குத் தெரியாம” என்றார். நாற்பது ஐம்பது பேர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். நீங்கள் என் விலாவில் இடித்து, “மச்சான், கல்லுக்கே இவ்வளவுன்னா, ஒரு செங்கல் சூளையே குடுத்திருந்தா உங்களுக்குச் சிலை வெச்சிருப்பாங்க” என்று காதில் சொன்னீர்கள்.

திரும்பி வந்து சுவரோரம் நின்றேன். தங்கச்சி உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கல்லைக் கேட்டால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால், கல் கொடுத்த அண்ணன் போய், விஷம் கொடுத்த ஒருவன் அந்த இடத்தில் நிற்பான். நல்லபடியாகச் சொல்ல வார்த்தை கிடைக்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று உள்ளே போனேன். மறுநாளும் வார்த்தை கிடைக்கவில்லை.

அப்புறம் எனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். ஆய்வுக்கூடத்தில் கல்லை நொறுக்கிச் சுழற்றுகிறார்கள், முழுக் கல் அப்படிக் கக்காது. அது உண்மையும்கூட. மெதுவாகத்தான் கக்கும்.

பீப்பாய் காலியாகும்போதெல்லாம் குண்டனைக் குளிப்பாட்டுவது பாப்பாவின் வேலையாயிற்று. மடியில் வைத்துத் தேய்ப்பாள், திட்டுவாள், “சோம்பேறி, எப்பப் பாத்தாலும் தண்ணிக்குள்ளயே தூக்கம்” என்பாள். குளிப்பாட்டும் முன் அதன் முதுகை நக்குவாள். உப்பும் புளிப்பும் ஏறிய கல்லின் ருசி அவளுக்குப் பிடித்துவிட்டது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மழமழவென்று இருந்த கல் சொரசொரப்பாகியிருந்தது. மேல்தோல் கரைந்து மணல் தெரிந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தத் தெருவில் தெரிந்தவன் நான் ஒருவன்.

“நக்காத பாப்பா, பல்லு கூசும்” என்றேன்.

அதைச் சொன்னேன் என்பது எனக்குப் பலநாள் ஆறுதலாக இருந்தது.

பிரார்த்தனைக் கூடத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் நாட்களில் தங்கச்சி ஒரு பெரிய ஜாடி கொண்டுவருவாள். ஜாடி கை மாறி என்னிடம் வரும்போது, எனக்குப் புளிப்பு ஆகாது என்று சொல்லி அடுத்தவருக்கு நகர்த்துவேன். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். ஒரு தடவை பக்கத்தில் இருந்தது கர்ப்பிணி. அவள் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டாள், எனக்கு நன்றியும் சொன்னாள். கடைகளுக்குப் போன ஜாடிகளைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்ல முடியும். அவை எங்கெங்கே போயின என்பது உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

மழை தொடங்கியபோது பாப்பா முதல்முறையாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளியிலிருந்து பாதியில் வந்தாள். அந்த வாரமே நான் என் வீட்டுப் பின்கட்டில், எங்கள் அச்சிலேயே, மணலும் சிமெண்டும் மட்டும் போட்டு ஒரு கல் வார்த்தேன். குண்டனின் அதே அளவு. அதை மாற்றி வைத்துவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாமல் முடிந்துபோகும். ஆனால் தங்கச்சி வீட்டைவிட்டு நகர்வதில்லை. நான் நல்ல சமயத்துக்காகக் காத்திருந்தேன். மழைக்காலம் முழுவதும் அந்தக் கல் என் துணி துவைக்கும் தொட்டிக்குப் பின்னால் கிடந்தது.

நான் சும்மா இருக்கவில்லை, மாப்பிள்ளை. பாப்பாவுக்குப் பழம் வாங்கிவந்தேன். அவள் பெருக்கல் கணக்கை மறக்க ஆரம்பித்தபோது சாயங்காலம் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். நேற்றுச் சொன்னது இன்று நிற்கவில்லை. அவளுக்கே தன்மேல் கோபம் வந்து, பென்சிலைக் கடித்துத் துப்புவாள். “உங்க அண்ணன் மாதிரி யாருக்கு அமையும்” என்று தெருவில் தங்கச்சியிடம் சொன்னார்கள். பிரார்த்தனையில் எல்லாரும் பாடும்போது என் வாய் அசையும், சத்தம் வராது. அதை யாரும் கவனிக்கவில்லை.

பாப்பாவுக்கு வலிப்பு வந்து நாம் ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியது நீங்கள். செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடியது நான். இரத்தத்தில் ஈயம் என்று டாக்டரம்மா சொன்னார்.

“வீட்டுல யாராவது பேட்டரி, பெயிண்ட், ஈயம் காய்ச்சறது, அந்த மாதிரி வேலை பாக்கறீங்களா?”

நீங்கள் உங்கள் கையைப் பார்த்தீர்கள். பழைய பேட்டரி பிரித்துப் பிரித்து நகக்கண்ணெல்லாம் கறுத்த கை. நானும் உங்கள் கையைப் பார்த்தேன். நான் பார்த்ததைப் பார்த்துத்தான் டாக்டரம்மாவும் பார்த்தார். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

சுகாதார அலுவலகத்திலிருந்து வீட்டைச் சோதிக்க ஆட்கள் வரப்போவதாக ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி சொன்னாள். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து, பாப்பாவுக்கு மாற்று உடை எடுத்துவரச் சொன்னாள். நான் காத்திருந்த சமயம் அப்படி வந்தது. முதலில் உடையை எடுத்து மடித்து வைத்தேன். பிறகு பீப்பாயைத் திறந்து கல்லை மாற்றினேன். பீப்பாயிலிருந்த பழைய நீரைக் கொட்டி, வேறு நீர் ஊற்றி, வினிகரும் உப்பும் அவள் போடும் அளவிலேயே போட்டேன். தரையைத் துடைத்தேன். குண்டனைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, உடையோடு வெளியே வந்து பூட்டினேன்.

மறுநாள் நிலையத்தில் குண்டனை நானே உடைத்தேன். உடைக்கும் முன் சுற்றும் பார்த்துவிட்டு, அதன் முதுகை நானும் ஒருமுறை நக்கினேன். ஏன் என்று தெரியவில்லை. புளித்தது. பிறகு அதைப் பொடித்து, வெள்ளைத் தூளைக் கொஞ்சமும் குறைக்காமல் போட்டு வார்த்தேன். அந்தக் கல் ஒரு பொட்டு ஈயத்தைக்கூடக் கக்கவில்லை. ஆய்வுக்கூடத்துப் பெண் என்னைப் பாராட்டினார். முறைப்படி புதைத்தாகிவிட்டது. இனி அதை யாரும் எழுப்ப முடியாது.

சோதனைக்காரர்கள் வந்தபோது பாப்பாவும் வீடு திரும்பியிருந்தாள். ஒருவர், ஈயம் பட்டால் சிவக்கும் ஈரத் தாளால் சுவரைத் துடைத்தார், ஜன்னலைத் துடைத்தார், பாத்திரங்களைத் துடைத்தார். பீப்பாயைத் திறந்து கல்லை வெளியே எடுத்தார். பாப்பா கிட்டே போய்ப் பார்த்தாள்.

“இது குண்டன் இல்ல” என்றாள்.

“என்னம்மா சொல்லுது பாப்பா?” என்று அவர் கேட்டார்.

“இது வேற கல்லு. இதுக்கு மூஞ்சியே இல்ல. குண்டன் மாறிட்டான்.”

தங்கச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு எல்லாக் கல்லும் கல்தான். எல்லாரும் பாப்பாவைப் பார்த்தார்கள். நான் அவள் தலையைத் தடவி, மெதுவாகச் சொன்னேன்: “பாவம், நேத்துப் படிச்சதே இன்னிக்கு ஞாபகம் இல்ல கொழந்தைக்கு. கொஞ்ச நாளா இப்படித்தான், எதையாவது சொல்லும்.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தங்கச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாப்பா என்னை நிமிர்ந்து பார்த்தாள். எந்தக் கோபமும் இல்லாத பார்வை. நான் சொல்வது சரியாக இருக்குமோ என்று அவளே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவர் கல்லைத் துடைத்த தாள் வெள்ளையாகவே இருந்தது. கடைசியில் கொடியில் தொங்கிய உங்கள் வேலைச் சட்டையைத் துடைத்தார். தாள் சிவந்தது. உங்கள் தொழிலில் யார் சட்டையைத் துடைத்தாலும் சிவக்கும் என்பது எனக்குத் தெரியும். அவர் கேட்டது உங்கள் சட்டையைப் பற்றித்தான், அதனால் நான் பேசவில்லை.

அதன்பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். “உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன், கொழந்தையத் தொடாதீங்க, வீட்டுக்குள்ள வராதீங்க” என்றாள் தங்கச்சி. நீங்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வாய் ஓயாமல் கிண்டல் பேசுகிற மனிதர் நீங்கள். சட்டைகளையெல்லாம் தெருமுனையில் எரித்துவிட்டு, இந்தக் கடைக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு வந்துவிட்டீர்கள். வாரம் ஒருமுறை குளித்து, புதுச் சட்டை போட்டு, வாசல் கேட்டுக்கு வெளியே நின்று மகளைப் பார்க்கிறீர்கள். அவள் ஓடிவந்தால் நீங்கள் பின்னால் நகர்கிறீர்கள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறீர்கள்.

ஒரு நாள் இதே இடத்தில் என்னிடம் கேட்டீர்கள்: “மச்சான், தூங்கும்போது அவ தலைய தினமும் தடவிக் குடுப்பேன். இந்தக் கையாலதானே? நானேதானே என் புள்ளைக்கு ஊட்டிட்டேன்?”

நான் உங்கள் தோளில் கை வைத்தேன். “மனச விட்டுடாதீங்க மாப்பிள்ளை. தெரியாம செஞ்சதுக்குப் பாவம் கெடையாது. மேல இருக்கறவன் மன்னிச்சிடுவான்” என்றேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அன்று உங்களுக்கு அது தேவைப்பட்டது. அதைக் கொடுக்க நான் இருந்தேன் என்பதில் எனக்குத் திருப்தி.

பாப்பா தேறிவருகிறாள். வயிற்றுவலி நின்றது, வலிப்பு திரும்பவில்லை. அப்பா வெளியே போனதிலிருந்துதான் பிள்ளை பிழைத்தது என்று தெருவே சொல்கிறது. தங்கச்சியும் நம்புகிறாள். கல் மாறியதும் நீங்கள் வெளியேறியதும் ஒரே வாரத்தில் நடந்ததால் அப்படித்தான் தெரியும். ஒரு காது மந்தமாகிவிட்டது. கணக்கு இனி முன்போல வராது என்று டாக்டரம்மா சொன்னார். சுவரில் ஏறுவதில்லை. பக்கத்தில் வந்து நின்று, சுவர்மேல் மோவாயை வைத்துக்கொள்கிறாள்.

போன வாரம் அப்படி நின்றுதான் கேட்டாள்.

“மாமா, நீங்க அப்பாவைப் பாப்பீங்கதானே?”

“பாப்பேன் பாப்பா.”

“குண்டன் மாறிட்டான்னு அப்பாகிட்ட சொல்றீங்களா? அம்மா நம்ப மாட்டேங்கறா. அப்பா நம்புவாரு.”

“நீயே சொல்லலாமே.”

“அப்பா கேட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறாரு. கத்திச் சொன்னா அம்மா அழுவா. அப்புறம், அப்பா வரும்போது எனக்கு ஞாபகம் இருக்காது மாமா. நான்தான் மறந்துடுவேன். நீங்க மறக்க மாட்டீங்களே.”

“மறக்க மாட்டேன். கட்டாயம் சொல்றேன்” என்றேன். அவள் நம்பிக்கையோடு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அது கடன்போல என் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. மற்ற எதையும் தாங்கிக்கொண்டேன், மாப்பிள்ளை. குழந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாமல் என்னால் பிரார்த்தனைக் கூடத்துக்குள் நுழைய முடியவில்லை.

ஆகவே சொல்கிறேன். குண்டன் மாறிவிட்டான். மாற்றியது நான். கொடுத்ததும் நான். கக்கும் என்று தெரிந்த பிறகும் பீப்பாயில் விட்டுவைத்தது நான். அவள் நக்கியதைப் பார்த்தது நான். அவள் உண்மையைச் சொன்னபோது, அவளுக்கு மறதி என்று சொன்னது நான். உங்கள் கையில் ஒன்றுமில்லை. நீங்கள் வீட்டுக்குப் போகலாம். அவள் தலையைத் தடவிக்கொடுக்கலாம்.

சொல்லியாயிற்று. நெஞ்சு லேசாக இருக்கிறது.

பழைய பேட்டரி எடுக்க நீங்கள் வெளியூர் போகிற நாள் இது என்று எனக்குத் தெரியும். ஷட்டர் இறங்கி, பூட்டுத் தொங்குகிறது. தெருவிலும் ஆளில்லை. பாப்பாவுக்கு வாங்கிய பழத்தில் பாதியை உங்களுக்காக ஷட்டர் ஓரமாக வைத்திருக்கிறேன். நன்மையை நாலு பேருக்குத் தெரியாமல் செய்யச் சொல்லித்தான் கூடத்திலும் சொல்கிறார்கள்.

சாயங்காலம் பாப்பா சுவரோரம் வந்து மோவாயை வைத்துக்கொண்டு கேட்பாள். “அப்பா கடைக்குப் போயிருந்தேன் பாப்பா, குண்டன் மாறிட்டான்னு சொல்லிட்டேன்” என்பேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இருக்காது.